மீட்பு எனும் சொல்லின் இரு பொருள்: செங்கல்பட்டு வட்டாரத்தில் அறிவொளி விழுமியங்களும் நிலமும் (1872–2021)

ஆய்வுச்சுருக்கம்

பொதுவாழ்வில் அற விழுமியங்களையும் அறிவொளிக்காலச் சிந்தனைகளையும் மீட்டெடுக்க வேண்டும் என்னும் கருத்து இன்று பரவலாக முன்வைக்கப்படுகிறது. இவ்விழுமியங்கள் மேனாட்டிலிருந்து வந்தவை என்றோ, பழந்தமிழ் நூல்களில் முன்பே இருந்தவை என்றோ கொள்வது வழக்கம். செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்தின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இவ்விரு பார்வைகளிலும் அடங்குவதாக இல்லை. இங்கு சமத்துவம் என்பது நிலம், பாதை, பெயர், பந்தி ஆகியவற்றின் மீதான வழக்காகவே எழுந்தது. வென்றபோது அரசாணையாகவும் பதிவேடாகவும் உருப்பெற்றது. அப்பதிவு நடைமுறையில் கைவிடப்பட்டபோது இழக்கப்பட்டது. 1872ஆம் ஆண்டின் நில விவாத நூல், 1892ஆம் ஆண்டின் நில ஒப்படை ஆணை, 1929ஆம் ஆண்டின் சுயமரியாதை மாநாடு, 1994ஆம் ஆண்டின் காரணை நிகழ்வு, 2021ஆம் ஆண்டின் மாமல்லபுரம் நிகழ்வு ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அறிவொளி, பொதுவெளி, மிராசி, பஞ்சமி நிலம், சுயமரியாதை, செங்கல்பட்டு, மாமல்லபுரம்.

முன்னுரை

பொதுவாழ்வில் அறம் தேய்ந்துவிட்டது என்னும் முறையீடு தமிழ்ச் சூழலுக்குப் புதிதன்று. பகுத்தறிவு, சமத்துவம், தனிமனித மாண்பு ஆகிய அறிவொளிக்கால விழுமியங்களை மீட்டெடுக்க வேண்டும் என்னும் குரலும் அண்மைக்காலத்தில் அதனோடு சேர்ந்துள்ளது. மீட்டெடுக்க வேண்டுமெனில் அவை முன்பு யாரிடம் இருந்தன, எவ்வடிவில் இருந்தன, எப்போது கைமாறின என்னும் வினாக்களை இவ்விரு தரப்பும் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

விடையாக இரு நிலைப்பாடுகள் ஆய்வுலகில் வழங்குகின்றன. அறிவொளி என்பது 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றி, அச்சகம், கல்லூரி, நீதிமன்றம் ஆகியவற்றின் வழியே காலனியத்தோடு இங்கு வந்தது என்பது ஒன்று. 1784இல் கான்ட் எழுதிய அறிவொளி பற்றிய கட்டுரையிலிருந்து தொடங்கி, அதன் தமிழ்நாட்டு எதிரொலிகளைத் தேடுவது இதன் முறை. மற்றொன்று, பிறப்பால் வேற்றுமையில்லை என்னும் கருத்து திருக்குறள் முதலான அற இலக்கியங்களிலேயே உள்ளதாகையால் வெளியிலிருந்து எதுவும் வரவேண்டியிருக்கவில்லை என்பது. முதல் நிலைப்பாடு விழுமியத்தை இறக்குமதிச் சரக்காகவும், இரண்டாவது அதனைப் பரம்பரைச் சொத்தாகவும் காண்கிறது. இரண்டிலும் காணாமற்போவது, அவ்விழுமியத்திற்காக ஒரு குறிப்பிட்ட ஊரில் யார் யாரோடு எதற்காக வழக்காடினர் என்னும் செய்தியே.

செங்கல்பட்டு வட்டாரத்தில் ‘மீட்பு’ என்னும் சொல் கருத்துலகச் சொல் மட்டுமன்று. ‘நில மீட்பு’ என்னும் தொடரில் அது வருவாய்த்துறையோடும் நீதிமன்றத்தோடும் தொடர்புடைய சொல். இவ்விரு பொருள்களும் ஒரே வரலாற்றின் இரு முகங்கள் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

மிராசியும் விவாதமும்

1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஜாகீர் நிலப்பகுதியே பின்னர்ச் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. தென்னிந்தியாவில் கம்பெனியின் வருவாய் நிர்வாகச் சோதனைகளுக்கு அது தொடக்கக் களமாக அமைந்தது. நிலத்தின் உரிமையாளர் யார் என்னும் வினா இங்கு எழுந்த வேகத்தில் பிற மாவட்டங்களில் எழவில்லை. ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்குரிமை கொண்ட மிராசுதாரர், அவர்களிடம் நிலம் பெற்று உழும் பாயக்காரிகள், எந்த உரிமையுமின்றி வயலோடு கட்டுண்ட பண்ணையாட்கள் என்னும் மூன்றடுக்கு அமைப்பு இங்கு நிலவியது. மாவட்ட ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 1790களில் மிராசி குறித்து எழுதினார். மிராசி உரிமை பற்றிய எல்லிஸின் விரிவான விளக்கம் 1818இல் அச்சாயிற்று. மிராசி என்னும் கருத்தாக்கமே ஆங்கில அதிகாரிகளும் உள்ளூர்த் தரப்பினரும் நிகழ்த்திய நெடிய உரையாடலில் உருப்பெற்றது என யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். அவ்வுரையாடலில் அனைவருக்கும் சம இடம் இருந்ததா என்பது அவ்வாதத்தின் மீது எழும் நியாயமான ஐயம்.

அவ்வுரையாடலுக்குள் பாயக்காரிகளின் தரப்பைத் தமிழில் அச்சேற்றியவர் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர். ‘பாயக்காரிகளுக்கும் மிராசுதாரர்களுக்கும் உண்டாயிருக்கிற விவாதம்’ என்னும் அவரது நூல் 1872இல் வெளிவந்தது. மிராசுதாரர்களின் உரிமைக் கோரிக்கையை மரபு என்று ஏற்றுக்கொள்ளாமல், அதற்கு ஆதாரம் என்ன என்று அந்நூல் கேட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1882இல், அதே ஆசிரியர் ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’யை வெளியிட்டார். அக்காலத்தில் சென்னையில் இயங்கிய சுயசிந்தனையாளர் சங்கம் 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்னும் இதழை நடத்தியது. அச்சங்கத்தின் சிந்தனை இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா நடத்திய மதச்சார்பின்மை இயக்கத்தோடு தொடர்புடையது. வெங்கடாசல நாயகர் அச்சிந்தனை வட்டத்தைச் சேர்ந்தவர்.

இந்த வரிசைமுறை கவனத்திற்குரியது. நில உரிமையின் ஆதாரத்தைக் கேட்ட வினா முதலில் வந்தது. சாத்திரத்தின் ஆதாரத்தைக் கேட்ட வினா அடுத்து வந்தது. பத்திரத்தை நோக்கி எழுந்த ஐயமே புராணத்தை நோக்கித் திரும்பியது எனக் கொள்ள இடமுண்டு. தமிழ்ப் பகுத்தறிவின் தோற்றத்தை மேனாட்டு நூல்களின் வாசிப்பிலிருந்து மட்டும் தொடங்கும் வரலாறுகள் இதனைத் தவறவிடுகின்றன. அதேவேளை, தலைப்பே காட்டுவதுபோல் 1872ஆம் ஆண்டு நூலின் வழக்கு பாயக்காரிகளின் வழக்கு. மூன்றாம் அடுக்கில் இருந்த பண்ணையாளின் வழக்கு அரசின் ஏட்டில் ஏற இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

1892ஆம் ஆண்டின் ஆணை

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஏற்பை மறுத்துவிட்டது. ஆயினும் செங்கல்பட்டுச் சேரிகளில் பண்ணையாளின் நிலை பெரிதும் மாறவில்லை. அதற்கான காரணங்களைப் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தது. தரிசு நிலத்தைத் தர்க்காஸ்து முறையில் கேட்டு விண்ணப்பித்தால், மிராசுதாரருக்கே முன்னுரிமை. பறையர் ஒருவர் நிலம் கேட்டு மனுச்செய்த செய்தி தெரிந்ததும் மிராசுதாரர் அந்நிலத்தைத் தாமே கோரிவிட முடியும். இதைவிடக் கொடியது குடியிருப்பு மனையின் நிலை. சேரியின் மனைகள் மிராசுதாரருக்கு உரியவை என்று கருதப்பட்டமையால், நிலம் கேட்டவரை வீட்டைவிட்டு வெளியேற்றும் அச்சுறுத்தல் எப்போதும் இருந்தது. கடன் பத்திரம் எஞ்சியதைப் பார்த்துக்கொண்டது.

செங்கல்பட்டில் இயங்கிய ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ முதலிய மறைப்பணியாளர்களின் முறையீடுகள் அக்காலத்தில் அரசின் முன் இருந்தன. ஆண்ட்ரூ பின்னர்ச் சிங்கப்பெருமாள்கோயில் அருகே மெல்ரோசாபுரம் என்னும் வேளாண் குடியிருப்பையே அமைத்தார். ஆயின் அரசு இம்முறையீடுகளை முழுமையாக ஏற்கவில்லை. ‘பறையர் சிக்கல்’ குறித்து ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூல், வருவாய் அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் ஒரே நலனால் பிணைக்கப்பட்டிருந்ததையும், ட்ரெமன்ஹீரின் பரிந்துரைகள் மேலிடத்தில் நீர்த்துப்போனதையும் ஆவணங்களோடு காட்டுகிறது. நீர்த்ததற்குப் பின் எஞ்சியதே 30.09.1892 நாளிட்ட 1010ஆம் எண் வருவாய்த்துறை அரசாணை. தரிசு நிலங்களில் ஒரு பகுதியை ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்குவதற்கு அதுவே தோற்றுவாய். இவ்வாறு ஒப்படைக்கப்பட்டவையே மக்கள் வழக்கில் பஞ்சமி நிலங்கள் எனப்பட்டன.

பின்னர் வருவாய் வாரிய நிலையாணைகளில் இடம்பெற்ற நிபந்தனைகள் தெளிவானவை. முதல் பத்து ஆண்டுகளுக்கு நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ தானம் செய்யவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அக்கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு ஒப்படைக்கப்பட்டதாக நிலமீட்பு இயக்கத்தாரின் எழுத்துகளில் ஓர் எண் தொடர்ந்து வருகிறது. மேற்கோளுக்கு மேற்கோளாக நகர்ந்துவரும் அவ்வெண், கிராமவாரியாகச் சரிபார்க்கப்பட வேண்டியது.

இந்நிபந்தனையின் தத்துவ உள்ளடக்கம் அரிதாகவே பேசப்பட்டுள்ளது. வாங்குபவரும் விற்பவரும் சமமானவர்கள், ஒப்பந்தம் செய்யும் உரிமை இருவருக்கும் பொது என்பது அக்காலத்தின் வழக்கமான தாராளவாதக் கருத்து. 1892ஆம் ஆணையின் வழிவந்த நிபந்தனை அக்கருத்தைத் தலைகீழாக்கியது. கடனில் மூழ்கிய ஒருவர் தம் நிலத்தை விற்கும் ‘சுதந்திரம்’ உண்மையில் கடன் கொடுத்தவரின் சுதந்திரமே என்பதை அது ஒப்புக்கொண்டது. சமத்துவத்தைக் காப்பதற்காகச் சந்தையின் சமத்துவத்தை நிறுத்திவைத்த ஏற்பாடு அது. எந்த மேனாட்டு நூலிலிருந்தும் எடுக்கப்பட்டதாக இல்லாமல், செங்கல்பட்டின் மிராசிச் சிக்கலிலிருந்தே அது பிறந்தது.

கோழியாளத்தாரும் பொதுப்பாதையும்

மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘பறையன்’. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் முகப்பில் ஏற்றிய அச்செயலை அயோத்திதாசர் போன்ற சமகாலத்தவர் ஏற்கவில்லை. பெயரை உதறுவதா, உயர்த்துவதா என்னும் அவ்விவாதம் 1929இல் வேறொரு வடிவில் திரும்பிவரும்.

சென்னைச் சட்டமன்றக் கவுன்சிலின் உறுப்பினராக 1924இல் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலைகளிலும் பொது இடங்களிலும் எவரும் நடமாடுவதற்குத் தடை இருக்கலாகாது என்றது. தீர்மானம் நிறைவேறி அரசாணையாகவும் வெளிவந்தது. ‘பொது’ என்னும் சொல்லுக்கு அத்தீர்மானம் தந்த வரையறை எளியது: அரசுப் பணத்தில் பேணப்படும் இடம் அனைவருக்கும் உரியது. ஹேபர்மாஸ் 1962இல் வகுத்த பொதுவெளிக் கோட்பாடு காப்பிக்கடைகளையும் பத்திரிகைகளையும் பற்றிப் பேசுகிறது. சென்னை மாகாணத்தில் பொதுவெளி என்பது அதற்கும் முன்னதாக, ஒருவர் நடந்து செல்லக்கூடிய தெரு. கருத்தைச் சொல்வதற்கு முன் அவ்விடத்தை அடைய வேண்டும்.

1929: செங்கல்பட்டு மாநாடு

முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் செங்கல்பட்டில் நடைபெற்றது. டபிள்யு.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’ இதழின் வழியும், 1928 இறுதியில் தொடங்கிய ‘ரிவோல்ட்’ என்னும் ஆங்கில இதழின் வழியும் பரவியிருந்த கருத்துகள் அங்கு முதன்முறையாக மாகாண அளவிலான தீர்மானங்களின் வடிவைப் பெற்றன.

அத்தீர்மானங்களின் வீச்சு இன்றும் வியப்பளிப்பது. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் வருணாசிரமக் கொள்கை மறுக்கப்பட்டது. பொதுச்சாலை, குளம், கிணறு ஆகியவற்றில் அனைவருக்கும் உரிமை வேண்டப்பட்டது. சாதிப் பட்டங்களையும் சாதி, சமயக் குறிகளையும் விட்டொழிக்குமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான சொத்துரிமை, விரும்பும் தொழிலை மேற்கொள்ளும் உரிமை, மணவிலக்கு உரிமை, கைம்பெண் மறுமணம் ஆகியவை வலியுறுத்தப்பட்டன. பெண்ணின் மணவயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்றது மாநாடு. அதே ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என்றே வகுத்தது. அச்சட்டத்திற்கு நாடெங்கும் எழுந்த எதிர்ப்பை நினைத்துப் பார்த்தால், செங்கல்பட்டில் கூடியவர்கள் எவ்வளவு முன்னே சென்றிருந்தனர் என்பது விளங்கும். வழிபாட்டில் இடைத்தரகருக்கும் புதிய கோயில்களுக்கும் பணம் செலவிடுவதைத் தவிர்த்து, இருக்கும் அறநிதிகளைக் கல்விக்கும் தொழிலுக்கும் திருப்ப வேண்டும் என்பதும் கூறப்பட்டது.

இத்தீர்மானங்களை இருவகையாகப் பிரித்துக் காணுதல் பயன்தரும். ஒருவகை, கேட்பவர் தம் வாழ்வில் தாமே உடனே செய்யக்கூடியது: பட்டத்தை நீக்குதல், குறியை அழித்தல், சடங்கின்றி மணம் புரிதல். மற்றொரு வகை, சட்டமின்றி ஆகாதது: சொத்துரிமை, மணவிலக்கு, கிணற்றின் மீதான உரிமை. முதல் வகை விரைவாகப் பரவியது. ஈ.வெ. இராமசாமியின் பெயரோடு இருந்த ‘நாயக்கர்’ பட்டம் 1927 இறுதியிலேயே ‘குடி அரசு’ இதழிலிருந்து நீங்கியிருந்தது. மாநாட்டை ஒட்டிப் பலர் அவ்வழியைப் பின்பற்றினர். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின் சாதியைச் சேர்த்தெழுதுவதற்கு இன்றுள்ள கூச்சம் இந்தியாவின் பல மாநிலங்களில் காணப்படாதது. ஒரு பொதுவொழுக்கம் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதற்கு இது அரிய சான்று.

இரண்டாம் வகையின் பாதை நெடியது. சடங்கற்ற சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கும் சட்டத்திருத்தம் 1967இல் நிறைவேறி 1968இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்குரிமை தந்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் 1989இல்தான் வந்தது. அதுவும் சட்டம் வருமுன் மணமாகியிருந்த மகள்களை விலக்கியே வந்தது. தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் இடையில் அறுபது ஆண்டுகள். செங்கல்பட்டு மாநாட்டின் போது மணமேடையில் இருந்த ஒரு பெண்ணுக்கு அச்சட்டத்தால் பயனில்லை; அவருடைய மகளுக்கும் பெரும்பாலும் இல்லை; பேத்திக்கு இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் இங்கே சுட்ட வேண்டும். சாலையிலும் கிணற்றிலும் உரிமை வேண்டும் என்று 1929இல் மாநாடு கேட்டது. சாலையுரிமையைச் சட்டமன்றம் 1924இலேயே தீர்மானித்துவிட்டது. கிடைத்துவிட்டதாக ஏட்டில் உள்ள ஒன்றை ஐந்தே ஆண்டுகளில் மீண்டும் கேட்க நேர்ந்தது. இயக்க வரலாறுகள் இத்தகைய மறுமொழிதலைக் கொள்கை உறுதியின் அடையாளமாகப் போற்றுகின்றன. அதனை ஆணை செயற்படவில்லை என்பதற்கான முதன்மைச் சான்றாகவும் வாசிக்க வேண்டும்.

பெயரும் நிலமும்

சாதிப் பெயரைத் துறத்தல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதன்று. நாயக்கர், நாடார், முதலியார் என்னும் பட்டங்கள் மதிப்பைச் சுட்டுவன. அவற்றைத் துறப்பது கையிலுள்ள ஒன்றைக் கொடுப்பது. மதிப்பைப் பறிப்பதற்கென்றே சூட்டப்பட்ட பெயரைச் சுமப்பவர் எதனைத் துறப்பது? அவருடைய பெயர் அவர் கையில் இல்லை. ஊரார் வாயிலும் அரசின் ஏட்டிலும் இருக்கிறது. ஆகவேதான் எம்.சி. ராஜா போன்றோர் தனிமனித உறுதிமொழியை நாடாமல் சட்டமன்றத்தை நாடினர். 1922இல் ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் அரசாணையால் ஏட்டில் ஏறியது. சீனிவாசனின் ‘பறையன்’ இதழ் எதிர்த்திசையில் சென்று, அப்பெயரையே உரிமைக்குரலாக்கியது. ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றும் இம்மூன்று வழிகளும் ஒரே விழுமியத்தைத் தத்தம் இடத்திலிருந்து பற்ற முயன்றவையே.

அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்னும் சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தமை இவ்வரலாற்றின் தொடர்ச்சி. வரவேற்கத்தக்க அறிவிப்பு அது. ஆயினும், ‘காலனி’ என்று எழுதப்பட்ட ஏட்டின் அதே பக்கத்தில் வேறு என்ன எழுதப்பட்டிருந்தது, அது இப்போது இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது. நிலத்தின் கதை அங்குதான் உள்ளது.

காரணை, 1994

பஞ்சமி நிலங்களின் ஒப்படை நிபந்தனை சட்டப்படி மறையவில்லை. ஆனால் நிலங்கள் கைமாறின. சிறு கடன், மருத்துவச் செலவு, மகளின் திருமணம், அச்சம், கையொப்பத்தின் பொருள் தெரியாமை எனக் காரணங்கள் பல. அவை 1891ஆம் ஆண்டின் அறிக்கை விவரித்தவற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டவை அல்ல. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல ஊர்களில் ‘பஞ்சமி’ என்னும் குறிப்பே புதிய ஏடுகளில் விடுபட்டது என்பது நிலமீட்பு இயக்கங்களின் நெடுங்காலக் குற்றச்சாட்டு.

1990களில் செங்கல்பட்டு வட்டாரத்தின் காரணையில் தலித் மக்கள் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் இறங்கினர். அந்நிலத்தில் அம்பேத்கரின் சிலையை நிறுவினர். சிலை அகற்றப்பட்டது. அதனை எதிர்த்து 10.10.1994 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது, இருவர் உயிரிழந்தனர். அந்நாள் ஆண்டுதோறும் நில உரிமை நாளாக நினைவுகூரப்படுகிறது.

காரணையில் கேட்கப்பட்டது புதிய சலுகை அன்று. அரசு தானே ஆணையிட்டு, தானே நிபந்தனை விதித்து, தானே ஏட்டில் எழுதியதை நிறைவேற்றுமாறு கேட்கப்பட்டது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் அம்பேத்கர் ‘அரசியலமைப்பு அறம்’ என்னும் கருத்தை முன்வைத்தார். கிரேக்க வரலாறு எழுதிய ஜார்ஜ் குரோட் என்னும் ஆங்கிலேயரிடமிருந்து அத்தொடரை அவர் பெற்றார். அது இயல்பாக வாய்ப்பதன்று, பயின்று வளர்க்க வேண்டியது என்பது அவ்வுரையின் சாரம். குடிமக்களிடம் அது போதவில்லை என்பதே அவ்வுரையை எடுத்தாள்வோர் வழக்கமாகச் சொல்வது. காரணையில் குடிமக்கள் அதனைக் கைக்கொண்டிருந்தனர். ஏட்டில் உள்ளதை நம்பினர்.

பிற மாநிலங்களோடு ஓர் ஒப்பீடு இங்குப் பொருந்தும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வழங்கப்பட்ட நிலங்களின் கைமாற்றத்தைத் தடுத்து, மீட்டுத்தர வழிவகுக்கும் தனிச்சட்டத்தைக் கருநாடகம் 1978இல் இயற்றியது. அச்சட்டம் செல்லும் என மஞ்சேகௌடா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. பஞ்சமி நிலத்தின் தாயகமான தமிழ்நாட்டில், மீட்பு நடவடிக்கைகள் நிலையாணைகளையும் ஒப்படை நிபந்தனைகளையுமே பெரிதும் நம்பியிருக்கின்றன.

மாமல்லபுரம், 2021

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமான பின் மாமல்லபுரத்தை ஒட்டிய நிலத்தின் விலை பன்மடங்காயிற்று. வயல்கள் மனைப்பிரிவுகளாயின. 1984இல் உலக மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட பல்லவர் கலைச்சின்னங்களைக் காண வருவோரிடம் மணிமாலை விற்றுப் பிழைக்கும் நரிக்குறவர் குடும்பங்கள் அருகிலுள்ள பூஞ்சேரியில் வாழ்கின்றன. சுற்றுலாப் படங்களில் அடிக்கடி இடம்பெற்ற அம்மக்கள், நிலப் பட்டாவில் இடம்பெறவில்லை.

2021 அக்டோபரில், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலின் அன்னதானப் பந்தியில் தம்மை உட்காரவிடாமல் விரட்டியதாக நரிக்குறவர் பெண்ணொருவர் பேசிய காணொளி பரவியது. அறநிலையத்துறை அமைச்சர் அக்கோயிலுக்குச் சென்று அப்பெண்ணின் அருகில் அமர்ந்து உணவுண்டார். நவம்பர் 4, தீபாவளி நாளன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்குச் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார்.

இந்நிகழ்வு ஊடகங்களில் மனிதநேயக் கதையாகச் சொல்லப்பட்டது. ஆய்வு நோக்கில் அதன் முதன்மை வேறிடத்தில் உள்ளது. அன்னதானம் என்பது மரபான அறச்சொல். கொடுப்பவரின் புண்ணியத்தை மையமாகக் கொண்டது. தானத்தில் பெறுபவருக்கு உரிமையில்லை. யாருக்குக் கொடுப்பது என்பது கொடுப்பவரின் விருப்பம். ஆனால் மாமல்லபுரத்துப் பந்தி அரசுத்துறையின் ஆளுகையில் உள்ள கோயிலின் பந்தி. அறம் என்னும் பழஞ்சொல்லும் உரிமை என்னும் புதுச்சொல்லும் அப்பந்தியில் நேருக்கு நேர் சந்தித்தன. அப்பெண் கேட்டது சோற்றை மட்டுமன்று, பந்தியில் இடத்தை. 1925இல் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர் பந்தியைப் பிரித்தது குறித்து எழுந்த பூசலும் இடத்தைப் பற்றியதே. அற நிதிகளை யாருக்காகச் செலவிடுவது என்று 1929இல் மாநாடு எழுப்பிய வினாவும் இதிலிருந்து தொலைவில் இல்லை.

அக்காணொளியில் அப்பெண் பேசியவற்றுள் மனைப்பட்டாவும் பிள்ளைகளின் கல்வியும் இருந்தன. பந்தியில் தொடங்கிய பேச்சு தயக்கமின்றி நிலத்திற்குச் சென்றது. ஆய்வாளர்கள் தனித்தனி இயல்களாகப் பிரித்து எழுதும் மாண்பையும் உடைமையையும் அவர் ஒரே மூச்சில் பேசினார். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்திற்கு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்தது. பல்லாண்டுக் கோரிக்கை அவ்வாறு சட்டமாயிற்று.

பதிவேடுகளின் இருப்பு

இவ்வட்டாரத்தில் மேலாய்வு செய்ய விழைவோருக்கு முதல் தடை ஆவணங்களின் பரவல். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. ஒரே நில ஒப்படையின் தடத்தைப் பின்பற்றுபவர் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தோடு, பிரிந்துபோன மாவட்டங்களின் ஆட்சியர் அலுவலகங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் தேட வேண்டியிருக்கும். 1892க்குப் பிந்தைய ஒப்படைகளைக் கிராமவாரியாகத் தொகுத்து, 1979க்கு முந்தைய அ-பதிவேட்டோடும் பிந்தைய அ-பதிவேட்டோடும் ஒப்பிடும் பணி தமிழ், வரலாறு, சட்டம் ஆகிய துறைகளின் ஆய்வாளர்கள் கூடிச் செய்யத்தக்கது. பழைய ஏட்டின் குறிப்புரைக் கட்டத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான ஒப்படை என்று எழுதியிருந்த புல எண்ணுக்கு நேராகப் புதிய ஏட்டின் அதே கட்டத்தில் என்ன உள்ளது என்பதே ஒவ்வோர் ஊரிலும் முதலில் பார்க்க வேண்டியது.